இரண்டு மனம்

சென்ற வருஷம் மூன்று மாத காலம் ஒரு ராஜிநாமாக் கடிதம் என் சட்டைப் பையிலேயே குடியிருந்தது. உத்தியோகத்தை விட்டுவிட்டு முழு நேரமும் எழுதுவதா, சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு எழுதுவதா என்று ஒரு தீர்மானத்துக்கும் வர முடியவில்லை. தெரிந்தவர்களிடமெல்லாம் யோசனை கேட்டேன். "விட்டுவிடு" என்றவர்களிடம் வீட்டு வாடகையைப் பற்றிப் பேசினேன். "விடாதே" என்றவர்களிடம் கலையைப் பற்றிப் பேசினேன்.

கடைசியில் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவரிடம் போனேன். வேதாகமக் கிரேக்கம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸார், உங்களுக்கென்றே யாக்கோபு நிருபத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது" என்றார்.

'டிப்ஸூகோஸ்' என்பது அந்த வார்த்தை. 'டி' என்றால் இரண்டு. 'ப்ஸூகே' என்றால் மூச்சு, உயிர், ஆத்மா எல்லாம்தான். இரண்டையும் ஒட்டி 'ஓஸ்' என்ற விகுதியைப் போட்டதும், 'இரண்டு ஆத்மா' என்று அர்த்தம் வருவதில்லை. 'இரண்டு ஆத்மாவை உடையவன்' என்று வந்துவிடுகிறது. இண்டர்மீடியட்டில் தமிழ் வாத்தியார் நடத்திய அன்மொழித்தொகை எனக்கு ஞாபகம் வந்தது. 'பொற்றொடி வந்தாள்' என்றால் வந்தது வளையலா? வளையல் போட்டவள் அல்லவா! தமிழ் வேதாகமமோ 'இருமனமுள்ளவன்' என்று, மறைந்திருக்கிற ஆளை வெளியிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

புதிய ஏற்பாட்டில் இந்த வார்த்தை இரண்டே இடங்களில், யாக்கோபு 1:8-லும் 4:8-லும்தான் வருகிறது. அதற்கு முந்திய கிரேக்க நூல் எதிலும் இதுவரை அகப்படவில்லை. அவரே உண்டாக்கியதாக இருக்கலாம் என்று சில அறிஞர்கள் எண்ணுகிறார்கள். ஆனால் கருத்து பழையது. எபிரேயத்தில் 12-ஆம் சங்கீதம், பொய் பேசுகிறவர்கள் 'இருதயமும் இருதயமுமாக'ப் பேசுவதாகச் சொல்கிறது. அங்கே குற்றம், பிறரை ஏய்ப்பது. யாக்கோபு பிடிக்கிற ஆசாமி வேறு. அவன் கடவுளிடம் ஞானம் கேட்கிறான். கேட்கும்போதே சந்தேகப்பட்டு, கடல் அலை மாதிரி அலைகிறான்.

"யோசனை கேட்டது தப்பில்லை. கிடைத்த யோசனைக்கெல்லாம் எதிர்ப்பக்கம் போய் நின்றீர்களே, அதுதான் டிப்ஸூகோஸ்" என்றார் பெரியவர்.

அன்று இரவே கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அதோடு தீர்ந்தது என்று முடித்தால் கதைக்கு நன்றாயிருக்கும். மறுநாள் ஆபீஸ் போகிற பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கப் போன கை, முதலில் அந்தக் கடிதம் இருக்கிறதா என்றுதான் தடவிப் பார்த்தது.