அம்மன் பீடத்துக்கு அடியில மிஷின் வைக்கலாமா?

பதிவு கொஞ்சம் நீளம்தான். ஆற அமரப் படிச்சிட்டு உங்க கருத்தைச் சொல்லுங்க.

போன மாசத்திலிருந்து நம்ம வாட்ஸ்அப் குழுவில ஒரே பேச்சு. பழைய தோட்டத்துக் கோயில் இருந்த இடத்துல மெட்டல் டிடெக்டர் வச்சுப் பார்த்தா என்னன்னு. அம்மனை இப்ப இருக்கற நிலத்துக்குக் கொண்டு வந்தப்போ பழைய பீடத்துக்குக் கீழ இருந்த யந்திரத் தகட்டை எடுத்ததா யாருக்கும் ஞாபகம் இல்ல. முனீஸ்வரர் முன்னால ஊன்றியிருந்த சூலமும் புல்டோசர் தள்ளின மண்ணோட போயிடுச்சு. பால்மரம் வெட்டின நம்ம தாத்தா பாட்டி, சம்பளத்துல மிச்சம் பிடிச்சுச் செஞ்சு வச்ச பொருள். பிள்ளைங்க தேடணும்னு துடிக்கறது நியாயம்தான். ரெண்டு தம்பிங்க ஆன்லைன்ல மிஷினே வாங்கிட்டாங்க.

தொண்டர்கள் நாங்க நாலஞ்சு பேர் உட்கார்ந்து பேசினோம். விஷயம் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரைக் கேட்டோம். சட்டத்தையும் மலாய்ல எடுத்துப் படிச்சோம். எஸ்.பி.எம். வரைக்கும் படிச்ச மலாய் இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் முழுசா வேலைக்கு உதவுச்சு.

மிஷினைக் கையில வச்சிருக்கறதுல இல்ல விஷயம். எங்க நடக்கறோம், எதுக்காகத் தோண்டறோம், கிடைச்சதை என்ன பண்றோம், சட்டம் பார்க்கறது இதைத்தான். அந்தத் தோட்டம் வித்தாச்சு. வீடமைப்பு நிறுவனம் ஒண்ணு வாங்கியிருக்கு. வேலி போடலைன்னாலும் அது தனியார் நிலம். குற்றம் செய்யற எண்ணத்தோடவோ உரிமையாளருக்குத் தொல்லை கொடுக்கற எண்ணத்தோடவோ அங்க நுழைஞ்சா குற்றவியல் சட்டம் 447-வது பிரிவுல 6 மாசம் வரைக்கும் சிறை, இல்ல அபராதம், இல்ல ரெண்டும். ராத்திரியில டார்ச் லைட்டோட மண்வெட்டி தூக்கிட்டுப் போறவன் எண்ணம் நல்ல எண்ணம்னு போலீஸ்கிட்ட யார் எடுத்துச் சொல்றது?

சரி, உரிமையாளர் அனுமதி கொடுத்துட்டா? இங்கதான் பல பேருக்குத் தெரியாத சங்கதி இருக்கு. 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம், அதாவது சட்டம் 645, 2006 மார்ச் 1 முதல் நடப்புல இருக்கு. பழம்பொருளைத் தேடித் தோண்டறதுக்கு பாரம்பரிய ஆணையரோட லைசன்ஸ் வேணும். நிலம் நம்மளுதா இருந்தாலும் வேணும். தற்செயலா கண்ணுல பட்டாக்கூட ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்கணும். சொந்தக்காரர் யாருன்னே தெரியாத காசு, தங்கம் மண்ணுல கிடைச்சா அது புதையல். அதையும் மாவட்ட அதிகாரிகிட்ட சொல்லியாகணும். முன்னாடி புதையலுக்குன்னு 1957-ல தனிச் சட்டம் இருந்துச்சு, இப்ப எல்லாம் 645-க்குள்ள வந்துடுச்சு.

மிஷினைப் பத்தியும் சொல்லிடறோம். எங்க தொழிற்சாலை லைன்ல தினமும் ஓடுது. இரும்பு, இரும்பு இல்லாத உலோகம், ஸ்டெயின்லெஸ்னு மூணு டெஸ்ட் பீஸை உள்ள விட்டுப் பார்த்துட்டுத்தான் வேலையை ஆரம்பிப்போம். உலோகம் இருந்தா கத்தும், அவ்வளவுதான். அம்மன் தகடா, ஆணியா, மைலோ டின்னான்னு அதுக்குத் தெரியாது. கையில பிடிக்கற மிஷின் நம்பர் காட்டும், அதுவும் அனுமானம்தான். (ஜப்பான்காரன் வாழைமர நோட்டைப் புதைச்சு வச்ச கதையை நம்பி மிஷின் வாங்கினவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். நோட்டு காகிதம். மிஷின் கத்தாது!)

ஜப்பான்காரன்னு சொன்னதும் இன்னொண்ணு. நம்ம ஜொகூர் மண்ணுல 1942 ஜனவரியில சண்டை நடந்திருக்கு. மூவார், பாரிட் சூலோங், மெர்சிங் பக்கம் நித்ஸ்டேல் தோட்டம். பாரிட் சூலோங்ல காயம்பட்டுப் பிடிபட்ட ஆஸ்திரேலிய, இந்திய வீரர்களை ஜனவரி 22-ல கொன்னு போட்டாங்க. இப்படிப்பட்ட ஊர்ல மிஷின் கத்தற இடத்துல இருக்கறது வெடிக்காத குண்டா இருக்கலாம், யாரோ ஒரு தாயோட பிள்ளையா இருக்கலாம். குண்டு மாதிரி எதையாவது பார்த்தா தொடாம தள்ளி வந்து 999-க்குக் கூப்பிடுங்க.

கோயில் விஷயத்துக்கு வருவோம். மூலவருக்குக் கீழ யந்திரமும் நவரத்தினமும் வைக்கறது நம்ம வழக்கம். கும்பாபிஷேகம் பார்த்தவங்க எல்லாருக்கும் தெரியும். இது நேத்து வந்ததில்ல. கெடாவுல சண்டி புக்கிட் பத்து பகாட்னு ஒரு பழைய கோயில் இருக்கு (நம்ம பத்து பகாட் இல்ல, மெர்போக் பக்கம்). 1958-லிருந்து 1960 வரைக்கும் அதை எடுத்துக் கட்டினாங்க. அப்ப அடித்தளத்துல கல் பேழைகள் கிடைச்சுது. உள்ள ஒன்பது குழி, செம்புக் கலயம், பொன், வெள்ளி, மணிகள். ஆய்வாளர்கள் முறையா தோண்டி, எது எந்த இடத்துல இருந்துச்சுன்னு எழுதி வச்சதாலதான் அங்க நடந்தது நம்ம மாதிரியே ஒரு பிரதிஷ்டைன்னு இன்னைக்கு நமக்குத் தெரியுது. ராத்திரியில மிஷினோட ஒருத்தன் போயிருந்தா பொன்னு நகைக்கடைக்குப் போயிருக்கும், கல்லு காட்டுல கிடந்திருக்கும். அதே பூஜாங் பள்ளத்தாக்குல 11-ஆம் எண் சண்டி தனியார் நிலத்துக்குள்ள மாட்டி, பாரம்பரியப் பட்டியல்லயும் ஏறாம இருந்து, 2013-ல இடிஞ்சு போனது தெரிஞ்சப்ப நம்ம வயிறு எப்படி எரிஞ்சுது! நிலத்துக்காரர் இடிச்சாலும் நாம ரகசியமா தோண்டினாலும் அந்த இடம் அழியறது ஒண்ணுதான்.

தமிழ்நாட்டுல பத்தூர் நடராஜர் கதையைப் பெரியவங்க கேட்டிருப்பீங்க. 1976-ல ஒரு கூலித் தொழிலாளி தோண்டும்போது கிடைச்ச சிலை. 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ளது கிடைச்சாலே கலெக்டர்கிட்ட சொல்லணும். சொல்லல. கை மாறிக் கை மாறி லண்டன் வரைக்கும் போய், ஒரு கனடா நிறுவனம் விலைக்கு வாங்கிடுச்சு. லண்டன் போலீஸ் கைப்பற்றினதும் வழக்கு. அங்க பாழடைஞ்ச அந்தப் பத்தூர் கோயிலே ஒரு தரப்பா நின்னுச்சு. 1988-ல நீதிமன்றம் கோயில் பக்கம் தீர்ப்புச் சொல்லுச்சு. 1991-ல மேல்முறையீட்டிலும் அதுவே நிலைச்சு, நடராஜர் இந்தியா திரும்பினார். பூசை நின்னுபோன கோயிலுக்குக்கூட தன் பொருளைக் கேட்டு வாங்கற உரிமை இருக்குன்னு வெள்ளைக்காரன் கோர்ட்டே ஏத்துக்கிச்சு.

இதை ஏன் இவ்வளவு நீட்டறோம்னா, போன வாரம் ஒருத்தர் நம்ம நிர்வாகத்தைத் தேடி வந்தார். பெரிய மிஷின் இருக்காம், அனுபவம் இருக்காம். “கிடைக்கறதுல பாதி உங்களுக்கு, பாதி எனக்கு”ன்னார். அம்மன் பொருள்ல பாதி! டீ கொடுத்து அனுப்பி வச்சோம். அந்த ஆளு வேற யாரையாவது தனியா பிடிச்சுப் பேசினா தயவுசெய்து ஒத்துக்காதீங்க.

நாங்க செஞ்சது இதுதான். நில அலுவலகத்துல சாரியான் எடுத்து உரிமையாளர் பேரை உறுதி பண்ணினோம். அந்த நிறுவனத்துக்குக் கடிதம் கொடுத்தோம். பழைய கோயில் இருந்த பகுதியில மண் வேலை ஆரம்பிக்கும்போது நம்ம ஆள் ரெண்டு பேரும் குருக்களும் கூட நிக்க அனுமதி வேணும், ஏதாவது தென்பட்டா வேலையை நிறுத்தி மாவட்ட அதிகாரிக்குச் சொல்லணும், இது ரெண்டையும் கேட்டிருக்கோம். நகல் மாவட்ட அலுவலகத்துக்கும் பாரம்பரியத் துறைக்கும் போயிருக்கு. முத்திரை வச்ச பிரதி செயலாளர்கிட்ட இருக்கு. பதில் இன்னும் வரல. தகடு கிடைக்குமான்னு எங்களால உறுதி சொல்ல முடியாது.

ஆனா அது நம்ம கோயில் பொருள்தான்னு காட்ட ஆதாரம் வேணும். பழைய திருவிழாப் போட்டோ, கும்பாபிஷேகப் பத்திரிகை, நன்கொடை ரசீது, சூலம் தெரியற கல்யாணப் படமா இருந்தாலும் சரி, வீட்ல தேடிப் பாருங்க. சூலத்துல உபயக்காரர் பேர் வெட்டியிருந்ததா ஒரு பாட்டி சொல்றாங்க, யார் பேருன்னு அவங்களுக்கு ஞாபகம் வரல. தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை காலை பூசை முடிஞ்சதும் மண்டபத்துல ஸ்கேனரோட உட்கார்ந்திருப்போம். படத்தை அங்கேயே காப்பி எடுத்துட்டுத் திருப்பிக் கொடுத்துடுவோம். மிஷின் வாங்கின தம்பிங்களும் வாங்கப்பா, மண்டபத்துக் கூரை வேலையில விழுந்த ஆணி இன்னும் புல்லுல கிடக்கு, வெறுங்கால்ல பிரகாரம் சுத்தறவங்களுக்குக் குத்துது.