வெயிலடித்த விடுமுறை

சென்ற கார்த்திகையில் ஒரு நாள், புயல் வருகிறதென்று பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். அன்று பார்த்துச் சூரிய பகவான் தை மாதத்துக் களையுடன் எழுந்தருளினார்! எங்கள் தெருத் திண்ணைகளில் கலெக்டரைப் பரிகாசம் செய்யாதவர்கள் இல்லை. வானிலை ஆராய்ச்சிக்காரர்களுக்கும் அதில் பங்கு கிடைத்தது. எனக்கென்னவோ ஒடிசாவின் ஞாபகம் வந்தது.

1999-ஆம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி பாராதீப்புக்கு அருகே கரையேறிய பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டனர். புயல் வரும் சமாசாரம் முன்னமே தெரிந்துதான் இருந்தது. தெரிந்து என்ன பயன்? எர்சமா பக்கத்துக் கிராமங்களில் கடல் பொங்கி உள்ளே புகுந்தபோது, ஏழை ஜனங்கள் ஏறி நிற்க ஒரு மச்சு வீடு கிடைப்பதே அரிதாயிருந்தது.

அதன் பிறகு அந்த ராஜ்யத்தில் பேரிடருக்கென்றே தனி நிர்வாகம் ஏற்பட்டது. கடலோரத்தில் உயர்ந்த தூண்களின்மேல் புகலிடங்கள் எழுந்தன. கிராமத் தொண்டர்கள் ஒத்திகை பழகினார்கள்.

2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தது. விஞ்ஞானி எப்போதும், "இன்ன ஊரில், இன்ன மணிக்கு" என்று சத்தியம் செய்து கொடுப்பதில்லை. "இங்கிருந்து அதுவரை, எங்காவது" என்றுதான் சொல்வார். நாள் நெருங்க நெருங்க அந்த எல்லை குறுகும். ஆனால் அது நன்றாகக் குறுகும்வரை ஆளுகிறவர்கள் காத்திருந்தால், லட்சக்கணக்கான ஜனங்களை நகர்த்தப் பொழுது போதாது. நிச்சயம் வேண்டுமா, அவகாசம் வேண்டுமா? இரண்டும் சேர்ந்து கிடைப்பதில்லை. ஒடிசா சர்க்கார் அவகாசத்தைத் தேர்ந்தெடுத்தது. நவராத்திரி சமயமாயிருந்தும் உத்தியோகஸ்தர்களின் விடுமுறையை ரத்து செய்தார்கள். ஆட்டையும் மாட்டையும் விட்டு வரமாட்டோம் என்றவர்களையும் மன்றாடி, சில இடங்களில் அதட்டி, அழைத்துப் போனார்கள். ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இடம் மாறினர். 12-ந் தேதி இரவு கோபால்பூர் அருகே புயல் கரையேறிற்று. வீடுகள் லட்சக்கணக்கில் சேதமாயின. இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு.

1999-இல் வந்தது இதைவிட உக்கிரமான புயல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் பத்தாயிரத்துக்கும் ஐம்பதுக்கும் உள்ள தூரத்தைக் காற்றின் வேகம் ஒன்றே அளந்துவிட முடியாது.

பைலின் மட்டும் நடுக்கடலிலேயே வலுவிழந்து போயிருந்தால்? பத்து லட்சம் பேருக்குச் சோறு போட்ட கணக்கைச் சட்டசபையில் கேட்டிருப்பார்கள். அந்த ஊர்த் திண்ணைகளிலும் நல்ல வெயிலில் உட்கார்ந்து சிரித்திருப்பார்கள்.