சிலிண்டரை எடை போட்டுப் பார்த்தேன்

சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்தால் பழி யார் தலையில் விழும்? சமைக்கிறவள் தலையில்தான்! மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். “களி கிண்டறதுக்கும் குழம்புக்கும் இவ்வளவு கேஸா?” என்பார் அத்தை. வாயால் பதில் சொல்வதைவிடக் கணக்கால் சொல்வோமே என்று தோன்றியது.

சிலிண்டரின் மேற்பகுதியில் காலி எடை எழுதியிருக்கும். எங்களுடையதில் 15.3 கிலோ. உள்ளே கேஸ் 14.2 கிலோ. ஆக மொத்தம் 29.5. பத்து நாள் கழித்து, வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, பக்கத்து வீட்டில் தேங்காய் நிறுக்கும் தராசில் வைத்தோம். 25.5 கிலோ! அதாவது நாளுக்கு 400 கிராம். சிலிண்டர் விலை 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோ சுமார் 63 ரூபாய். தினம் 25 ரூபாய்.

இதில் சமையலுக்கு மட்டும் எவ்வளவு? நாலு பேர் குளிக்க வெந்நீரும் அதே அடுப்பில்தானே! அடுத்த பத்து நாள் வெந்நீரைக் கொல்லையில், தென்னை மட்டை எரிக்கும் அடுப்புக்கு மாற்றினேன். சமையல் வழக்கம்போலத்தான். கேஸ் செலவு இரண்டரை கிலோ! 35 நாள் வந்த சிலிண்டர் இனி 56 நாள் வரும். மாதம் 280 ரூபாய் மிச்சம்.

நோட்டைப் பார்த்த அத்தை, “அட, குளிக்கிற தண்ணியா இத்தனை தின்னுச்சு!” என்றார். இப்போது மட்டை பொறுக்கி வைப்பது அவர்தான்.

நீங்களும் எடை போட்டுப் பாருங்களேன். தூக்க இரண்டு பேர் வேண்டும். சிலிண்டரைப் படுக்க வைக்கக் கூடாது.