பட்டர் போதும்

ஞாயிறு காலை, கலிஃபோர்னியாவில் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் முதன்முறையாக டிஸ்க் கோல்ஃப், தட்டை வீசிக் கூடையில் போடுகிற ஆட்டம். ஒன்பதே கூடைகள், கட்டணம் கிடையாது, புதியவர்களுக்கு ஏற்ற மைதானம். அப்படியும் முதல் வீச்சே இடப்பக்கம் வளைந்து புதருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பின்னால் காத்திருந்த பெரியவர் சிரித்தார். டிரைவரெல்லாம் வேண்டாம், இன்றைக்குப் பட்டரிலேயே ஆடு என்றார். (ஸ்ரீரங்கத்துப் பட்டர் இல்லை, கிட்டத்திலிருந்து கூடையில் போடுகிற தட்டு.) தூரம் வீசுகிற தட்டான டிரைவருக்கு விளிம்பு கூர்மை. வேகமாக வீசத் தெரியாத வலக்கைக்காரன் கையில் அது சட்டென்று இடப்பக்கம் சாய்ந்துவிடும். தடித்த விளிம்புள்ள பட்டரோ மெதுவாக விட்டாலும் ஓரளவு நேராகப் போகும். கடையில் இதை ஒருத்தரும் சொல்லவில்லை!

ஐந்தாவது கூடை. பத்தடியிலிருந்து விட்டேன். சங்கிலிகளில் மோதி, கொலுசை உதறினாற்போல் 'ஜல்' என்று உள்ளே விழுந்தது. அந்தச் சத்தத்துக்காகவே மறுபடி எடுத்துப் போட்டேன், கணக்கில் சேர்க்காமல்.

இந்தச் சங்கிலிக் கூடையை 1970களில் உருவாக்கியவர் எட் ஹெட்ரிக். 2002இல் அவர் இறந்தபின், அவர் விருப்பப்படியே சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்த்தார்களாம். நாம் ஆற்றில் கரைக்கிறோம், மனிதர் பறக்கிறார்.

ஒன்பது கூடைக்கு மொத்தம் 43 வீச்சு. புதருக்குள் போன டிரைவரைத் தேடியதில் கையெல்லாம் முள் கீறல். தட்டு கிடைக்கவில்லை.