வெள்ளை கோபுரத்துப் பொய்

பச்சைமலையிலிருந்து துறையூர், மண்ணச்சநல்லூர் வழியாகத் திருச்சிக்கு வரும் பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் எல்லாருடைய கண்ணும் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தைத்தான் தேடும். 236 அடி, 1987ல்தான் கட்டி முடித்தார்கள். கிழக்கே வெள்ளையடித்து நிற்கும் கோபுரத்தை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் கதை இருப்பது அங்கேதான். பொய் சொன்ன கதை!

1323. உலூக் கான் (பின்னாளில் முகமது பின் துக்ளக்) படை தெற்கே வருகிறது. பிள்ளை லோகாசாரியார் உற்சவர் அழகிய மணவாளரை எடுத்துக்கொண்டு சிறு கூட்டத்தோடு கிளம்பிவிட்டார். மூலவரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? அவருக்கு முன்னால் சுவர் எழுப்பி, சுவருக்கு முன்னே வேறொரு விக்ரகத்தை வைத்தார்களாம். யாரும் வாய் திறந்து பொய் சொல்லவில்லை, சுவர் சொன்னது.

வெள்ளையம்மாள் என்ற தேவதாசியோ வாய் திறந்தே சொன்னாள். பொக்கிஷம் காட்டுகிறேன் என்று படைத்தலைவனைக் கோபுர உச்சிக்குக் கூட்டிப் போய்த் தள்ளிவிட்டு, தானும் குதித்துவிட்டாள். அவள் நினைவாகத்தான் அந்தக் கோபுரத்துக்கு வெள்ளை என்கிறது ஊர்.

இதில் தப்பு என்று யாராவது சொல்வார்களா? ஜெர்மனியில் ஒருவர் சொன்னார். கொலைகாரன் வாசலில் நின்று "உன் நண்பன் உள்ளே இருக்கிறானா?" என்று கேட்டாலும் பொய் கூடாது என்று 1797ல் கட்டுரையே எழுதினார் கான்ட். (அந்த நண்பனைக் கேட்டிருந்தால் தெரியும் சேதி.) வள்ளுவர் அவ்வளவு கறார் இல்லை. வாய்மை அதிகாரத்தில் இரண்டாவது குறளிலேயே அனுமதி தந்துவிடுகிறார். பட்டிமன்றத்தில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குபவர்கள், அவர் போட்ட நிபந்தனையை மட்டும் விட்டுவிடுவார்கள். சும்மா நன்மை வந்தால் போதாது, குற்றமே இல்லாத நன்மை வரவேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் வந்ததா?

படையை ஏமாற்றியாயிற்று. உற்சவர் கேரளம், மேல்கோட்டை, திருமலை என்று சுற்றிவிட்டு 1371ல் கோபண்ணர் முயற்சியால் திரும்பி வந்தார். 48 வருஷம். கூடப் போன லோகாசாரியார் வழியிலேயே ஜோதிஷ்குடியில் காலமாகிவிட்டார். 1323ல் இருபது வயசுப் பையனாக இருந்தவனுக்கு இப்போது அறுபத்தெட்டு. இதற்குள் கோயிலில் வேறொரு உற்சவர் பிரதிஷ்டையாகி, ஒரு தலைமுறையே அவரைத்தான் பெருமாள் என்று கும்பிட்டு வளர்ந்திருந்தது. வந்தவரைப் பார்த்து "இவர் யார்?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பு இல்லையே! ரகசியம் தெரிந்தவர்கள் அதை அவ்வளவு நன்றாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். சாட்சி சொல்லத்தான் ஆள் இல்லை.

கடைசியில் ஒருவரைக் கண்டுபிடித்தார்கள் என்கிறது கோயில் மரபு. பெருமாள் துணி வெளுத்த ஈரங்கொல்லி. தள்ளாத வயசு, கண் தெரியாது. இரண்டு பேருக்கும் திருமஞ்சனம் செய்து, உடுத்திய ஈரத்துணியைப் பிழிந்த தீர்த்தத்தைக் கொடுக்கச் சொன்னார். ஆசாரியர்களும் அதிகாரிகளும் சுற்றி நிற்க, ஒவ்வொன்றாக வாயில் விட்டுப் பார்த்தார். பழைய கஸ்தூரி வாசனை நாக்கில் தட்டியது. "இவரே நம்பெருமாள்" என்றார்.

அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்னொருவரையும் வெளியே அனுப்பவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு அவரும் அங்கேயே இருக்கிறார்.