ரேடியேட்டர் மேல் போட்ட பழி

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஏறும் ஜவ்வாது மலைச்சாலையில் இன்ஜினின் குறை ஒளிந்திருக்க முடியாது. இரண்டாம் கியரில் ஏறும் வண்டிக்கு எதிர்காற்று குறைவு, சுமை மட்டும் அதிகம். ரேஸ் வேகம் தேவையே இல்லை. பேருந்துக்கு வழிவிட்டு நிதானமாக ஏறினாலே சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி நகர்கிறதா என்று தெரிந்துவிடும். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக நண்பர் ஒருவர் தயார் செய்த பழைய மாருதி 800 இங்கேதான் மாட்டிக்கொண்டது. முதலில் இழுவை குறையும். பிறகு முள் ஏறும். கடைசியில் இன்ஜின் மிஸ் அடிக்கும். இந்த வரிசையிலேயே விடை இருந்தது. ஆனால் யாரும் வரிசையைக் கேட்கவில்லை.

796 சிசி, மூன்று சிலிண்டர். சின்ன இன்ஜின்தான், ஆனால் தமிழ்நாட்டுப் பந்தய வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு. 1980களின் இறுதியில் கோவை கரிவரதன் இந்த இன்ஜினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கினார். வசதி குறைந்த இளைஞர்களும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் உட்கார முடிந்தது அதனால்தான். சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்கள் 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம் மாறிய காலம் அது. நாராயண் கார்த்திகேயனும் ஃபார்முலா மாருதி ஓட்டி வந்தவர்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவையில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சொந்தக் காசில் பந்தயம் ஓட்டுகிறவர்கள் இன்றும் அவருக்குக் கடன்பட்டவர்கள் என்றே நினைக்கிறேன்.

நண்பரின் கார் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்களில் இன்ஜின் பல கடைகளுக்குப் பங்கு போடப்பட்டிருக்கிறது. தண்ணீர் கொதித்தால் ரேடியேட்டர் கடை. மிஸ் அடித்தால் எலக்ட்ரீஷியன். புகை தள்ளினால் மெக்கானிக். ரேடியேட்டர்காரர் அடைப்பு எடுத்தார், பிறகு புதியதே மாட்டப்பட்டது. வாட்டர் பம்ப் மாறியது. எலக்ட்ரீஷியன் பிளக்கையும் ஒயரையும் மாற்றினார். யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொன்னார்கள், அதுவும் நடந்தது. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்தார்கள். வண்டி மட்டும் அதே வளைவில் கொதித்தது.

திருப்பத்தூரில் வயதான மெக்கானிக் ஒருவர்தான் முதலிலிருந்து கேட்டார். நின்றுகொண்டிருக்கும்போது ஹீட் ஆகுதா, ஓடும்போதா? நிற்கும்போது என்றால் ஃபேன் பக்கம் பார்க்கலாம். சுமை ஏறும்போது மட்டும் என்றால் வேறு கதை. ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தார். குமிழி வரவில்லை. ஆயிலும் வெளுக்கவில்லை. ஹெட் கேஸ்கட் மேல் இருந்த சந்தேகம் போயிற்று. (ஆறிய இன்ஜின் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மூடியின் அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூட்டில் திறந்தால் அந்த நொடியே ஆவியாகி முகத்தில் அடிக்கும்.) பிளக் இளம்பழுப்பாக இருந்தது, எனவே பெட்ரோல் கலவையிலும் தவறில்லை.

"அப்ப டைமிங்தான்" என்றார். "டைமிங் பாத்துட்டோம்ணா, சரியா இருக்கு" என்றார் நண்பர். "நின்ன எடத்துல பாத்தா எல்லா வண்டிக்கும் டைமிங் சரியாத்தான் தம்பி இருக்கும். ஆக்ஸிலேட்டர் குடுத்துப் பாத்தீங்களா?"

யாரும் அப்படிப் பார்த்திருக்கவில்லை. வேகம் கூடக் கூட பொறி முன்கூட்டியே விழ வேண்டும். அதற்காகத்தான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. டைமிங் லைட்டைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டர் கொடுத்தபோது குறி அசையவே இல்லை. திறந்து பார்த்தால் எடைகள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன.

பொறி தாமதமானால் ஏன் தண்ணீர் கொதிக்கிறது? 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒருமுறை சுற்ற ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம்தான். பத்து டிகிரி தாமதம் என்பது ஒரு மில்லி நொடியில் கால் பங்குக்குச் சற்று மேல். அந்தச் சிறு தாமதத்துக்குள் பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிவிடுகிறது. தீ அதைத் தள்ளுவதற்குப் பதில் சிலிண்டர் சுவரையும் எக்ஸாஸ்ட் வால்வையும் சுடுகிறது. இழுவை இல்லை என்று ஓட்டுகிறவர் இன்னும் மிதிக்கிறார், இன்னும் பெட்ரோல் எரிகிறது, இன்னும் சூடு. எந்த ரேடியேட்டரும் இதைத் தாங்காது.

மிஸ் அடித்ததற்குக் காரணம் பக்கத்திலேயே இருந்தது. இடம் மிச்சம் பிடிக்க, இக்னிஷன் காயிலை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகில் நகர்த்தியிருந்தார்கள். செம்புக் கம்பி 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடானால் மின்தடை ஏறத்தாழ 30 சதவீதம் கூடும். அதே பேட்டரியில் காயிலுக்குள் போகும் கரண்ட் குறையும், பொறி மெலியும். ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி சரியாகிவிடும். அதனால்தான் கடைக்குக் கொண்டுபோனபோதெல்லாம் அந்தக் குறை தெரியவில்லை.

எடைகளைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டார்கள். காயிலைச் சூடு படாத இடத்துக்கு மாற்றினார்கள். தெர்மோஸ்டாட் திரும்ப உள்ளே போனது. புதூர்நாடு வரை முள் நடுவிலேயே நின்றது.

பழைய வண்டியைப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். இழுவை, சூடு, மிஸ் மூன்றில் எது முதலில் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புது ரேடியேட்டருக்குப் பணம் கொடுக்கும் முன் டைமிங் லைட்டைப் பிடித்து, ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பாருங்கள்.