மலைநாட்டு வண்டிக்கு ஒலிபெருக்கி தெரிந்த வரலாறு

யூபிலி மலரிலே கல்லூரியின் வரலாற்றையும் ஆசிரியப் பெருந்தகைகளின் தொண்டினையும் எழுதுதற்குத் தகுதி வாய்ந்த பெரியோர் பலர் உளர். அவர்தம் வரிசையிற் புகுதல் எமது நோக்கமன்று. மலைநாட்டிலே பிறந்து, விடுதி மாணவராய் இக்கல்லூரியிற் பயின்று, மீண்டும் மலைநாட்டிலேயே ஆசிரியத் தொழில் பூண்டு ஓய்வுபெற்ற யாம், எமது பழைய மோட்டார் வண்டிக்கு ஒலிபெருக்கி தெரிந்த வரலாற்றினையே ஈண்டு எழுதத் துணிந்தோம். இஃது என்ன பொருள் எனச் சிலர் நகைத்தலும் கூடும். ஆயினும், விஞ்ஞானகூடத்திற் கற்பது வாழ்க்கையில் எங்கே பயன்படும் என வினவும் மாணவர்க்கு இதனினும் எளிய விடை எமக்குக் கிடைத்திலது.

ஹற்றனிலிருந்து நுவரெலியா செல்லும் பெருந்தெரு கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்னும் ஊர்களைத் தொட்டுத் தேயிலை மலைகளை வளைந்து வளைந்து ஏறுவது. ஹற்றன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இவ்வழியிலே மழையும் மூடுபனியும் பயணிகளுக்கு நீங்காத துணை. மேற்குப் புறத்து வட்டவளையோ நாட்டின் மிகுமழைப் பகுதிகளுள் ஒன்று. யப்பானிலிருந்து இரண்டாங் கையாய் வந்த எமது வண்டி இவ்வீரத்திலே பல்லாண்டு நின்றது. அதன் கதவுகளுக்குள்ளே தொழிற்சாலையிற் பொருத்தப்பட்ட ஒலிபெருக்கிகளின் கூம்பு கடதாசியாலானது. கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் விளிம்பு நுரைப்பஞ்சாலானது. ஈரத்தினால் நுரைப்பஞ்சு நைந்து உதிர்ந்தது; கடதாசி ஊறி வலுவிழந்தது. ஓசை கரகரத்தது, சொற்கள் மங்கின.

வானொலிப் பாட்டு மட்டுமே எமக்கு வேண்டியதாயின் அக்குறையைப் பொறுத்திருப்போம். எம் அன்னையார் கொழுந்து கொய்து எம்மைப் படிப்பித்தவர். எழுத்தறியாதவர். அவர் கைப்பட எழுதிய ஒரு வரியும் எம்மிடம் இல்லை. 1984 ஆம் ஆண்டு ஒரு மாலைப்பொழுதிலே, லயத்து வாசலில் அமர்ந்து அவர் பாடிய தாலாட்டும், கூறிய பழங்கதைகளும் ஓர் ஒலிநாடாவிலே பதிவாகியிருந்தன. அவர் மறைந்த பின்னர் அந்நாடாவை விரலளவான நினைவகம் ஒன்றிற் படியெடுத்து வண்டியிலே வைத்திருந்தோம். கொழும்பில் வளரும் எம் பேரன் விடுமுறைக்கு வந்து உடன் பயணஞ் செய்கையில் அதனை ஒலிக்கச் செய்வோம். அவனோ, "தாத்தா, பூட்டி என்ன பாடுறாங்க? ஒண்ணும் வெளங்கலியே!" என்பான். ஒரு குடும்பத்தின் எழுதாச் சரித்திரம் ஒரு சாண் கடதாசிக் கூம்பு பழுதுபட்டமையால் அற்றுப்போவதோ? மலைநாட்டு நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் போன்றோர் செய்த பணி பெரிது. எம் வீட்டுப் பாட்டினைக் காத்தல் எம் கடனன்றோ?

நோய் நாடாது மருந்து தேடுதல் கூடாது. வண்டியில் ஓசை கெடுதற்குக் காரணம் ஒன்றன்று. மலைநாட்டிலே பண்பலை வானொலி மங்குதல் பெரும்பாலும் மலைகளின் செயலேயாகும். அவ்வலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வன. மலை மறைத்த பள்ளத்தாக்கிலே வலுவிழப்பன. இதனாலேயே 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலை போன்ற சிகரங்களில் ஒலி, ஒளிபரப்பு நிலையங்களை அமைத்தனர். அன்றியும், யப்பானியருக்கெனச் செய்த பழைய வண்டிகளின் வானொலி 76 முதல் 90 மெகாஹேட்சு வரையே பற்றும். எம் நாட்டு நிலையங்களோ 88 முதல் 108 வரை பரந்துள்ளன. இவ்விரு குறைகளையும் எந்த ஒலிபெருக்கியும் தீர்க்காது. ஆகவே, அன்னையாரின் பதிவினை முதலிற் காதிற் பொருத்தும் கருவியாற் கேட்டோம், குரல் தெளிவாயிருந்தது. பின்னர் வண்டியின் ஓசையை இடப்புறமும் வலப்புறமுமாக மாற்றி மாற்றிக் கேட்டோம். இரு கதவுகளிலும் ஒரே கரகரப்பு. குற்றம் ஒலிபெருக்கியினதே என்பது துணிபாயிற்று.

ஒலிபெருக்கி செயற்படும் முறையை விளங்க எமக்குத் துணையாயது கல்லூரியின் பௌதிகவியற் பாடமே. இசைக்கவையைத் தட்டி மேசையிலே ஊன்றி, ஓசை பெருகுவதை எம் ஆசிரியர் காட்டிய காட்சி இன்றும் கண்முன் நிற்கிறது. சிறு அதிர்வு பெரும் பரப்பினைத் தொட்டாற் பேரோசையாகும். ஒலிபெருக்கியிலும் காந்தத்தின் இடையே தொங்கும் கம்பிச் சுருள் மின்னோட்டத்திற்கேற்ப அசைகிறது; சுருளோடு ஒட்டிய கூம்பு காற்றினைத் தள்ளுகிறது. இம்முறையை அமெரிக்காவிலே இறைஸ், கெல்லொக் என்னும் இரு பொறியியலாளர் செம்மைப்படுத்தி 1925 ஆம் ஆண்டு வெளியிட்டனர். அதே ஆண்டு டிசம்பர் 16 ஆம் திகதி கொழும்பிலே வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை எண்ணுந்தோறும் எமக்கு இன்பந் தருவது.

ஒலிபெருக்கி தேடிக் கொழும்பு சென்றோம். மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தையிலும் பிற வீதிகளிலும் கடை கடையாய் ஏறியிறங்கினோம். ஒரு கடைக்காரர், "ஐயா, இது முந்நூறு வாற்று, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று மினுமினுக்கும் பெட்டியொன்றை எம்முன் வைத்தார். பெட்டியின் எண்ணிக்கைக்கும் வண்டியின் வலுவிற்கும் உள்ள தொடர்பினை மாணவர் தாமே கணித்தறியலாம். இயந்திரம் ஓடுகையில் வண்டியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ற்று. தனிப் பெருக்கி பூட்டாத வண்டியிலே, 4 ஓம் ஒலிபெருக்கிக்கு அதன் வானொலிப்பெட்டி தரக்கூடிய தூய வலு, 14.4 ஐ அதனாலேயே பெருக்கி 8 ஆல் வகுக்க வரும் ஏறத்தாழ 26 வாற்றே. இழப்புகள் போக 20 வாற்றளவே எஞ்சும். இருபது வாற்று ஊட்டுவோனுக்கு முந்நூறு வாற்று தாங்கும் பொருளால் யாது பயன்? பெட்டியிலே பார்க்கவேண்டியது உச்ச வலுவன்று. தொடர்ந்து தாங்கும் வலுவே. எம் போன்றோர்க்கு 40, 50 வாற்று தாராளமாகப் போதும்.

வலுவினும் முக்கியமானது ஒலிபெருக்கியின் உணர்திறன். ஒரு வாற்று ஊட்டி ஒரு மீற்றர் தூரத்தில் அளக்கப்படும் ஓசை அது. தெசிபெல் என்னும் அலகாற் கூறப்படும். 88 தெசிபெல் உடையதொன்று, 91 தெசிபெல் உடையதற்கு ஈடாக ஒலிக்க இருமடங்கு வலு வேண்டும். ஈண்டு மற்றொரு நுட்பமும் உண்டு. சிலர் ஒரு வாற்றுக்குப் பதிலாக 2.83 வோல்ற்று ஊட்டி அளப்பர். 4 ஓம் கருவிக்கு அஃது இரண்டு வாற்றாகும். அதனால் எண் மூன்று தெசிபெல் கூடித் தோன்றும். அளந்த முறையை நோக்காது எண்ணை ஒப்பிடுதல், மரக்காலும் படியும் வேறென்றறியாது நெல் அளப்பதனோடொக்கும்.

அடுத்துக் கருதவேண்டியவை பருமனும் ஆழமும் மின்தடங்கலும். கதவிலுள்ள துளையின் விட்டம் பொருந்தினாற் போதாது. கண்ணாடியைக் கீழே இறக்கும்போது அது காந்தத்தில் முட்டாதிருத்தல் வேண்டும். யாம் பழைய ஒலிபெருக்கியைக் கழற்றி, துளையினையும் ஆணிகளின் இடங்களையும் பத்திரிகைக் கடதாசியிற் படியெடுத்து, கண்ணாடி இறங்கிய நிலையில் ஆழத்தையும் அளந்து குறித்துக்கொண்டே கொழும்பு சென்றோம். மின்தடங்கல் பழையதன் பின்புறத்தே 4 ஓம் எனப் பொறிக்கப்பட்டிருந்தது. சில வண்டிகளில் 2 ஓம் எனவும் இருக்கும். நான்கிற்கெனச் செய்த வானொலிப்பெட்டியில் இரண்டினைப் பூட்டின் மின்னோட்டம் மிகும். பெட்டி சூடேறிக் கெடும்.

மலைநாட்டவர் சிறப்பாக நோக்கவேண்டியது ஈரம். கடதாசிக் கூம்பு இழிந்ததென்று யாம் கூறோம்; உலர்ந்த இடத்திலே அதன் ஓசை மிக இனியது. ஆயின் மழை நீர் கதவுக்குள் இறங்குதல் இயல்பு. ஆதலால் பொலிபுரொப்பிலீன் என்னும் நெகிழிக் கூம்பும் இறப்பர் விளிம்பும் உடையதையே தெரிந்தோம். ஒலிபெருக்கியை மாற்றுவோர் கதவின் உட்புறத்து நெகிழித் திரையைக் கிழித்தெறியாது மீண்டும் ஒட்டுதலும், கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளைத் துப்புரவாக்குதலும் இன்றியமையாதன. இவற்றைச் செய்யாதவன் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினும் மீண்டும் கடைக்கே செல்வான்.

இனி ஓசையின் தன்மை. மலையேறும் வண்டியின் இயந்திர முழக்கமும் சில்லுகளின் இரைச்சலும் பெரும்பாலும் தாழ்ந்த மீடிறன் உடையன. எனவே வண்டியில் நடுக்க முழக்கம் தேடி அலைதல் இரைச்சலோடு போட்டியிடுதலேயாகும். மனிதர் பேச்சிலே உயிரெழுத்துக்கள் ஓசைக்கு உடல் தருவன. மெய்யெழுத்துக்களின் வேற்றுமையை உயர்ந்த மீடிறன்களே பெரிதும் காட்டுவன. லகர, ளகர, ழகரங்களையும் ரகர, றகரங்களையும் பிரித்துணரும் தமிழ்ச் செவிக்கு அத்தெளிவு மிகவும் வேண்டும். ஆகையால் பெரிய கூம்பின் நடுவே உயர்ந்த ஓசைக்கெனச் சிறு ஒலிபெருக்கி அமைந்த, ஆறரை அங்குல இரட்டை வகையைத் தெரிந்தோம். இரண்டையும் வெவ்வேறிடத்தில் தனித்தனியே பூட்டும் வகை இதனினும் சிறந்ததாயினும், அதற்கு வண்டியின் உட்புறத்தைத் துளைக்க வேண்டும். எமக்கு அது வேண்டியிருக்கவில்லை.

கடையிலே தெரியும்போது கடைக்காரர் ஒலிக்கும் பாட்டினைக் கேட்டு மயங்குதல் தகாது. அப்பாட்டு அவர் பொருளுக்கேற்பத் தெரிந்தெடுக்கப்பட்டது. யாம் அன்னையாரின் பதிவினையே ஒவ்வொன்றிலும் ஒலிக்கச் செய்து கேட்டோம். ஒருவன் நன்கறிந்த குரலே அவனுக்கு உரைகல். முந்நூறு வாற்றுக் கருவியிலே அவர் குரல் குடத்துக்குள் பேசியது போன்றிருந்தது. நடுத்தர விலையுள்ள வேறொன்றிலே லயத்து வாசலிற் பேசியது போன்றிருந்தது. பின்னதையே வாங்கினோம்.

பொருத்தும் வேலையை ஹற்றனில் தோட்டத்துப் பிள்ளையாகிய இளைஞர் ஒருவர் செய்துதந்தார். ஒன்றரை வோல்ற்று மின்கலத்தைக் கணநேரம் தொடுத்து, இரு பக்கத்துக் கூம்புகளும் ஒரே திசையில் அசைகின்றனவா எனச் சோதித்த பின்னரே கம்பிகளை இணைத்தார். ஒன்று முன்னும் மற்றது பின்னுமாய் அசையின் தாழ்ந்த ஓசைகள் ஒன்றையொன்று அழிக்கும். குரலும் இடந்தெரியாது அலையும். அவர் எக்கல்லூரியிலும் பௌதிகவியல் பயின்றவரல்லர். ஆயினும் அவர் செய்கையில் அதன் முறைமை இருந்தது.

அடுத்த விடுமுறையிலே பேரன் வந்தான். தலவாக்கலை தாண்டுகையில் அன்னையாரின் பாட்டு ஒலித்தது. பாட்டினூடே தகரக் கூரையில் மழைத்துளி விழும் ஓசையும் சேவலொன்றின் கூவலும் கேட்டன. சற்று நேரத்தில் அவன், "தாத்தா, பூட்டி 'மலை'ன்னு சொல்லல, 'மழை'ன்னு சொல்றாங்க. மழைய ஏன் நிக்கச் சொல்றாங்க?" என்றான். கம்பளியால் தலையை மூடி, படங்கு கட்டி, கொட்டும் மழையிலே கொழுந்து கொய்த வாழ்க்கையையும், பிள்ளைக் காம்பராவிலே விட்டுவந்த குழந்தையை எண்ணி மழை ஓயும்படி வேண்டிய தாயுள்ளத்தையும் அவனுக்குச் சொன்னோம். அக்குழந்தை யாமே என்பதையும் சொன்னோம். அவன் நெடுநேரம் சாளரத்தின் வழியே மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாணவச் செல்வங்காள், பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணுக்கு அஞ்சாதீர். அதற்கு மயங்கவும் வேண்டா. இப்பொருள் எனக்குச் செய்யவேண்டிய வேலை யாது என முதலில் வினவி, அளந்து, கணித்து, பின்னர் உமது புலனைக் கொண்டே தீர்மானியுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொருந்தும் இம்முறை வாழ்க்கையின் பிற தேர்வுகளுக்கும் பொருந்தும். பழைய மாணவ நண்பர்காள், உங்கள் வீட்டுப் பேழைகளிலே பழைய ஒலிநாடாக்கள் கிடப்பின் காலந் தாழ்த்தாது படியெடுத்துவையுங்கள். மலைநாட்டு ஈரம் எவருக்காகவும் காத்திராது. கேட்கும் வழியினை எமக்குக் கற்பித்த எமது கல்லூரி, யூபிலிகள் பல கண்டு நீடூழி பொலிக!